ஒன்பதாவது கோடு

யுத்தத்தில் மின்சாரம் போய் மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் மண்ணெண்ணெய் அளக்கிற வேலை. இல்லாத சாமானை அளக்க ஓர் ஆளா என்று என்னுடைய அம்மாவே கேட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு நிவாரணக் குழு, எந்த வீட்டில் வெளிச்சத்துக்கும் விறகுக்கும் எவ்வளவு தட்டுப்பாடு, அதனால் ஆட்களின் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, மோசமான வீடுகளுக்கு மாதம் ஒரு போத்தல் எண்ணெய் மேலதிகமாகக் கொடுக்க யோசித்திருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று காத்திருந்து அலுத்துப் போயிருந்தேன். புத்தூரில் நாற்பது வீடுகளை என்னிடம் தந்தார்கள்.

அளக்கிற முறையைச் சொல்லித் தந்தவர் எங்கள் மேற்பார்வையாளர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எல்லோருக்கும் அவர் ‘சேர்’. வீட்டில் உள்ள மண்ணெண்ணெய் முழுவதையும் ஓர் அரைப் போத்தலில் விட வேண்டும். கொப்பித் தாளில் நீளமாக ஒரு துண்டு வெட்டிச் சோற்றுப் பருக்கையால் போத்தலின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கொப்பிக் கோடுகள்தான் அளவு, அடியிலிருந்து வாய்வரை பன்னிரண்டு கோடு. வாரம் ஒரு நாள் போய் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுத வேண்டும். இப்படி நாலு வாரம். இரண்டாம் வாரமே மூன்று வீடுகளில் சோற்றோடு சேர்த்துத் தாளையும் கரப்பான் தின்றுவிட்டது. சேரிடம் சொன்னேன். கரப்பானுக்காவது வயிறு நிறைந்ததே என்று சொல்லிவிட்டுப் புதுத் துண்டு வெட்டினார்.

எண்ணெய்க்குப் பிறகு விறகு, விறகுக்குப் பிறகு கேள்விகள். இருமல் உண்டா, கண் எரிகிறதா, இருட்டில் விழுந்ததுண்டா, மாலையானால் மனம் சோர்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எப்போதும், சிலவேளை, இல்லை’ என்று மூன்று கட்டங்கள். மனச்சோர்வு பற்றிக் கேட்டபோது புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர், மனம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும் ஒரு விளக்கு வேண்டுமே பிள்ளை என்றார். வீடே சிரித்தது. நான் ‘சிலவேளை’யில் புள்ளடி போட்டேன். முப்பது வீட்டுக்காவது ‘சிலவேளை’தான் போட்டிருப்பேன். உண்மையில் அந்த வருஷங்களில் யாருக்கும் சோர்வு என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. பொழுதுபட முன் சமைத்து, பொழுதுபட முன் சாப்பிட்டு, பிறகு இருட்டில் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் இருந்தோம். எனக்கும் அப்படித்தான். பெரிதாகக் கவலையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மரத்துப்போன காலைப் போல மனம் கிடந்தது.

புதன்கிழமைகளில் கடைசியாகப் போகிற வீடு, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. அங்கே இரண்டு பேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் அவருடைய ஒரே மகளும். எங்களுக்குள் உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நான் ‘மாமி’ என்று கூப்பிட்டேன். மகளுக்கு என் வயதுதான் இருக்கும், ஏழு மாதக் கர்ப்பம். கணவன் ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனவன், நாலு மாதமாகக் கடிதம் இல்லை. அதைப்பற்றி நான் கேட்கவில்லை. படிவத்திலும் அதற்குக் கேள்வி இல்லை.

முதல் புதன் நான் படலையைத் திறந்தபோது வீடு இருண்டு கிடந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் மாமி விளக்கைக் கொளுத்திவிட்டார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு எண்ணெய் விட்டு, கம்பியால் திரியை நிறுத்திய விளக்கு. எல்லா வீட்டிலும் அதுதான். அடுப்பை மறுபடி மூட்டித் தேத்தண்ணீரும் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கிறவர் இல்லை. வீட்டுக்கு வந்த ஆளை இருட்டில் இருத்தி வெறும் வாயோடு அனுப்புவதைவிட எங்கள் சனம் பட்டினி கிடந்துவிடும். போத்தலில் எண்ணெய் ஒன்பதாவது கோட்டில் நின்றது. நாற்பது வீடுகளிலும் அதிகம் எண்ணெய் இருந்த வீடு அதுதான் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் புதனும் ஒன்பது. மூன்றாம் புதனும் ஒன்பது. அன்றைக்கு ஒழுங்கையின் வளைவில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வெளிச்சம் இல்லை. நான் படலையைத் தாண்டியதும் விளக்கை நூர்த்துவிட்டார்கள்.

நாலாம் புதன் நேரடியாகவே கேட்டேன், என்ன மாமி விளக்குக் கொளுத்துவதே இல்லையா என்று. மாமி மகளைப் பார்த்தார். மகள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணுக்காலுக்கு மேலே கறுத்துக் கன்றிய காயம் ஒன்று இருந்தது. இருட்டில் விழுந்ததுண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னவள் அவள்தான்.

“உது பிள்ளைக்கு நோவு வரேக்கை கொளுத்துறதுக்கு. ஆறு மாதமாச் சேர்த்தது. லாம்பு ரண்டும் துடைச்சு வைச்சிருக்கிறன்.”

அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டேன். நீர் வந்திருக்கிறீர், இருட்டுக்குள் இருத்திக் கதைக்கலாமா என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தேன். ‘வாராந்தப் பாவனை’ என்ற கட்டத்தில் பூச்சியம். ‘விளக்கு எரிவதைக் கண்டீரா’ என்ற கட்டத்தில் ஓம், நாலு தடவையும் கண்டேன். பிள்ளைப் பேற்றுக்கு வைத்திருக்கிறார்கள், நான் போகும்போது மட்டும் கொளுத்துகிறார்கள் என்று எழுத இடம் இல்லை. ஓரத்தில் பொடியாக எழுதினேன். அடுத்த நாள் சேர் அதை அழிக்கச் சொன்னார். அவர் பொல்லாதவர் இல்லை. நாற்பது வீட்டுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

“பிள்ளை, நீர் கண்டதை எழுதும். ஓரத்திலை கதை எழுதாதையும்.”

அழித்தேன். வாதாடியிருக்கலாம். எனக்கு வாய் இல்லாமல் இல்லை, அம்மாவோடு நாள் முழுக்க வாதாடுகிறவள் நான். அன்றைக்கு ஏனோ அதற்கும் மனம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. மாதம் நாலு கோட்டுக்கு மேல் எரித்த வீடுகளுக்குத் தேவை அதிகம் என்று குழு முடிவு செய்திருந்தது. எண்ணெய் குறையவே குறையாத வீட்டில் வேறு வெளிச்சம் இருக்கிறது, கையிருப்பும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மாமியின் வீடு பட்டியலில் இல்லை. எங்கள் வீடு இருந்தது. எங்கள் வீட்டை அளந்தது வேறொரு பெண். நாங்கள் அந்த மாதம் எட்டுக் கோடு எரித்திருந்தோம். அத்தனையும் நான் மேசையில் விளக்கை வைத்துக்கொண்டு நாற்பது வீட்டுப் படிவங்களையும் ஒழுங்காகப் பிரதி எடுத்ததில் போன எண்ணெய்.

மேலதிகப் போத்தல் எங்கள் குசினிக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் மாமியிடம் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அம்மாவும் சரி என்றார். அடுத்த நாள் போத்தலைக் கடதாசியில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முகப்பு வரைக்கும் போனேன். அங்கே நின்று யோசித்தேன். தேத்தண்ணீர் தராமல் ஒருநாளும் என்னை அனுப்பாத பெண். என்ரை வீட்டில் இல்லை என்று யார் உனக்குச் சொன்னது என்று நினைக்க மாட்டாரா? மகளுக்கு முன்னால் குறைவாகப் போய்விடாதா? ஏதாவது சாட்டு வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு, பிள்ளை பார்க்கப் போகிற சாக்கில் சவர்க்காரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று முடிவு செய்து திரும்பி வந்தேன். மரியாதை பார்த்துத்தான் திரும்பினேன். அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

முதல் அளவு முடிந்து இரண்டு மாதத்தில் மறுபடி அளக்கச் சொன்னார்கள். அதற்கு முந்திய கிழமை எங்கள் பக்கம் ஷெல் அடி. இரண்டு நாள் ஒருவரும் வெளியே தலை காட்டவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகு, புதன்கிழமை, கடைசி வீடாக மாமியின் வீட்டுக்குப் போனேன். கூடையில் சுற்றிய போத்தலும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் இருந்தன. நாள் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கொண்டுபோனேன்.

மாமி வாசலில் இருந்தார். மடியில் பிள்ளை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோடு ஒரு குத்துவிளக்கு இருந்தது. எரியவில்லை. அதற்குப் பக்கத்தில் மகளின் கல்யாணப் படம்.

மாமி அழாமல் சொன்னார். ஷெல் அடி தொடங்கின அன்று பொழுதுபடும்போது நோவு தொடங்கியது. லாம்பு இரண்டையும் கொளுத்தினார்கள். மருத்துவிச்சியும் வந்துவிட்டார். விடியும்வரை எரிய விட்டார்கள். விடிந்தபோது நோவு நின்றுவிட்டது, அது பொய் நோவு. போத்தலில் அடி நனைகிற அளவுதான் மிச்சம். அடுத்த நாள் இருட்டின பிறகு உண்மை நோவு. ஷெல்லுக்குப் பயந்து அக்கம்பக்கம் முழுக்கக் கோவிலடிக்குப் போய்விட்டது, துணைக்கு மாமியும் மருத்துவிச்சியும் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் இல்லை. பாதியில் லாம்பு நூர்ந்தது. காய்ந்த பனையோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்திப் பிடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளை பிறந்தது. புகையில் மகளுக்கு மூச்சு முட்டியதால் சூளை அணைத்துவிட்டார்கள். மகள் கதைத்துக்கொண்டுதான் கிடந்தாள். பிறகு நித்திரை என்று நினைத்தார்கள்.

“இருட்டுக்கை ரத்தம் போனது தெரியேல்லை, பிள்ளை. விடியத்தான் பாயைப் பாத்தம்.”

அந்த இரவு எங்கள் குசினியில் ஒரு போத்தல் எண்ணெய் வாய்வரைக்கும் நிறைந்து இருந்தது. சைக்கிளில் பத்து நிமிஷ தூரம். எனக்கு அழுகை வரவில்லை. கூடையிலிருந்து போத்தலை எடுத்துக் கடதாசியைப் பிரிக்காமல் மாமிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அது என்ன என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை.

பிள்ளையை என்னுடைய கையில் தந்துவிட்டு எழுந்தார். சுற்றிய போத்தலைத் திறந்து, ஜாம் போத்தல் பஞ்சில் கொஞ்சம் விட்டுக் கொளுத்தி எனக்கு முன்னால் வைத்தார். எழுதத்தானே வந்தனீர், எழுதும் என்றார். மூலையில் கிடந்த அரைப் போத்தலையும் எடுத்து வந்து வைத்தார். தாள் துண்டு இன்னும் ஒட்டியபடியே இருந்தது.

பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதினேன். போன தடவை ஒன்பதாவது கோடு, இந்தத் தடவை ஒன்றும் இல்லை. பாவனை ஒன்பது கோடு. நாலுக்கு மேல் என்றால் பட்டியலில் சேரும். வீட்டில் உள்ளோர் எத்தனை பேர் என்ற கட்டம் அடுத்தது. முதல் அளவில் இரண்டு என்று எழுதியிருந்தேன். மறுபடி எண்ணிப் பார்த்தேன். இரண்டு.

போக எழும்பியபோது, விளக்கை நூர்த்துவிடுங்கள் மாமி, எண்ணெய் வீணாகிறது என்றேன். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, நீர் படலையைத் தாண்டும்வரைக்கும் எரியட்டும் என்றார்.