தகரத்தில் கொட்டிய மழை

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் கராஜ் ஒன்றில் வேலை பார்த்தபோது, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் திருத்தி, சிட்னி வரை தனியாக ஓட்டிப் போனேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அப்போதுதான் போன் வந்திருந்தது.

பாதி வழியில், மரமே இல்லாத வெட்டவெளியில் நின்று வீட்டுக்குப் பேசினேன்.

"அம்மாகிட்ட குடுக்கா."

"அம்மா பால் வெட்டப் போயிருக்கு தம்பி. நீ பாத்து ஓட்டு" என்றார் அக்கா.

அவர் குரலுக்குப் பின்னால் கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அந்தக் காய்ந்த இடத்தில் அதைக் கேட்கவே இதமாக இருந்தது.

சிட்னிக் கடற்கரையில் மறுபடி அழைத்தேன். "வந்து சேந்துட்டேன்க்கா! அம்மாவக் கூப்பிடு."

"வண்டிய நிப்பாட்டிட்டியா? எறங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு அக்கா அழுதார். "அம்மா தவறிருச்சு தம்பி. அன்னைக்கு நீ பேசுறப்பவே அடக்கம் பண்ணியாச்சு. அழுதுகிட்டே ஓட்டுவியேன்னுதான் சொல்லல."

மழையில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்க மாட்டார்கள். பாலெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பார் என்பதுதான் சின்ன வயதில் எங்கள் சந்தோஷமே. அப்படி வளர்ந்த நான், அந்தச் சத்தத்தை ரசித்துவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறேன்.

அக்காமேல் கோபமில்லை. இப்போது தூரப் பயணம் என்றால், "எதுவானாலும் மறைக்காதீங்க, நான் ஓரமா நின்னுதான் பேசுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். வழியில் போன் போட்டதும் முதலில் கேட்பது, "அங்க மழையா?"