மலையேறினால் ஊமையாகும் ஆம்ப்ளிஃபயர்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலத்தில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மைக் செட் கடையில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. சேலத்திலும் பெங்களூரிலும் ரேடியோ கடைகளில் எடுபிடியாகச் சுற்றி சால்டரிங் பழகியிருந்தேன். ஆனால் கடைக்காரர் என்னை வைத்திருந்தது மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டத்தான். ஐந்து மாதம் ஏறினேன். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு பிசகியது, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன்.

கல்வராயன் மலையில் ஒரு திருவிழாவுக்கு செட் கேட்டு வந்தார்கள். இருந்த மெக்கானிக் அதற்கு முந்தைய வாரம்தான் நின்றுபோயிருந்தார். வேறு வழியில்லாமல் கடைக்காரர் என்னை அனுப்பினார்.

"மூணு நாளு செட்டு ஒழுங்கா பாடிச்சுன்னா நீதாண்டா மெக்கானிக்கு. இல்லன்னா பழையபடி மரந்தான்," என்றார்.

கடையில் அந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மலைக்குப் போய், கார் பேட்டரியில் மாட்டி, முதல் நாள் சாயங்காலம் மைக்கில் ஹலோ என்றேன். எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலப் பொரிந்தது. பிறகு என் குரல் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

மைக் ஒயரை மாற்றினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். வேறு குழாயை மாட்டினேன். பெட்டியைத் திறந்து போர்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துச் சால்டரையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி உருக்கிப் பிடித்தேன். அது கரண்ட் இல்லாத ஊர். சால்டரிங் இரும்பைத் திருவிழாச் சமையல் அடுப்பில் செருகித்தான் காயவைக்க வேண்டும். ஒருமுறை காய்ந்தால் மூன்று முனைக்குத் தாங்கும், அதற்குள் ஆறிவிடும். மைக் ஒயர் போய்ச் சேரும் முதல் டிரான்சிஸ்டரையே பிடுங்கிவிட்டு, கையிலிருந்த ஒரே மாற்றையும் போட்டாயிற்று. பொரிச்சல் நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் திட்டக்கூட இல்லை. மேளத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு ஆடப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

விடிந்ததும் பெட்டியைத் தலையில் வைத்து, மைக்கையும் ஒரு குழாயையும் தோளில் மாட்டிக்கொண்டு, கடையில் வைத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். பஸ் ஓடவில்லை. வடக்கனந்தல் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாடா பொட்டி அது?"

"மைக் செட்டுண்ணா. ரிப்பேரு. கடைக்கு எடுத்துக்கினு போறேன்."

"ரிப்பேருன்னு சொல்லி நழுவறான் பாரு. மாட்டுடா, பேசிப் பாக்கலாம்."

மறியலில் மாட்டி நின்ற டிராக்டரிலிருந்து பேட்டரியை இறக்கிக் கொடுத்தார்கள். நன்றாகப் பொரியட்டும், நான் சொன்னது பொய்யில்லை என்று இவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டே மாட்டினேன். கணீரென்று பேசியது.

"இதுவா ரிப்பேரு? எங்க கிட்டயே கதை வுடுறான்யா!"

அவர்களில் ஒருவர் வேலையைப் பற்றியும் காலேஜ் சீட்டைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். உச்சி வெயில். ஒரு பொரிச்சல் இல்லை. நான் மரத்தின் நிழலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை வெறுத்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் என்னவென்று சொல்வது? விட்டார்கள் என்றதும் வந்த வழியே திரும்பி மலையேறினேன்.

மேலே போய்ச் சேரும்போது சாயங்காலம். பனி இறங்கியிருந்தது. மாட்டினேன். பொரிந்தது. திருப்புளியைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு நானே போய்த் தேடி எடுத்து வந்தேன். வேறு எதுவும் தோன்றாமல் இரும்பை மறுபடி அடுப்பில் செருகினேன்.

சமைத்துக்கொண்டிருந்த பெண் அகப்பையால் அதைத் தள்ளினாள். "இன்னா தம்பி, மறுபடியும் என் அடுப்புலதானா? சோறு வேகட்டுமா வேணாமா?"

"மலை ஏறுனாலே பேசமாட்டேங்குதுக்கா."

"கீழூரு பொட்டிதானே, குளுரு எடுக்குது போல. இங்க கொண்டாந்து வை, காயட்டும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இரும்பு காயும்வரை பெட்டியை வைக்க அங்கே வேறு இடமும் இல்லை. பேட்டரியைக் கழற்றாமலே, மூடியில்லாமல் அடுப்போரம் வைத்தேன். கால் மணி நேரத்தில் பொரிச்சல் அடங்கியது. தள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பொரிந்தது. ஈரம் என்று அப்போதுதான் உறைத்தது. டார்ச் அடித்துப் போர்டின் மேல்பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முதல் டிரான்சிஸ்டரின் காலடியில், தூசி படிந்து பழுப்பேறிய ஒரு வட்டம். தொட்டால் பிசுபிசுத்தது. சந்தனமும் குங்குமமும்.

அதை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். மைக் செட் கடையில் பேட்டரி, குழாய், ஏணி, திருப்புளி எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. அதனால் கண் அதில் நிற்கவே இல்லை. காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் பொட்டு. பனியில் ஊறினால் கரண்டு கண்ட பக்கம் கசிய அதுவே வழி. பிளேடால் சுரண்டி, லுங்கி முனையால் துடைத்து, அடுப்போரம் காயவைத்தேன். மிச்ச நாளெல்லாம் பெட்டி பாடியது.

நான் கீழே வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு கடைக்காரரிடம் போயிருந்தது.

"மொத நாளு பாடவேயில்லையாமேடா?"

"போர்டு மேல பொட்டு இருந்துச்சுண்ணா. ஈரத்துல அதான் லீக்கு. சுரண்டிட்டேன்."

"ஆயுத பூசைக்கு என் கையால வெச்ச பொட்டுடா அது!"

"மூடி மேல வைங்கண்ணா. உள்ள வேணாம்."

"சாமிய எங்க வெக்கறதுன்னு எனக்கே சொல்றியா நீ?"

ஒரு கெப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அது எனக்குத் தோன்றியது படுத்த பிறகுதான்.

அடுத்த செட் ரிஷிவந்தியத்தில். கிளம்பும் முன் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, அதே இடத்தில் புதிதாகப் பொட்டு வைத்தார். பெட்டியோடு உட்கார உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். நான் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பெட்டி கணீரென்று பாடியது. "கை வெச்சாரு பாரு, மெக்கானிக்குன்னா இவருதான்," என்று கடைக்காரர் சொன்னது மேலே எனக்கும் கேட்டது.