ஆறு ஆட்டத்துக் கோல்கீப்பர்

போன வாரம் மனைவியின் முழங்கால் வலிக்கு நீலகிரித் தைலம் வாங்க மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன். அசல் சரக்குதான் என்று காட்டக் கடைக்காரர் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். வாசனை ஏறியதும் சட்டென்று பின்வாங்கினேன். மற்றவர்களுக்கு அது ஜலதோஷத்தை நினைவூட்டும். எனக்குக் கால்பந்தை. அறுபதைத் தாண்டிய ஆள் ஒரு தைலப் புட்டிக்குப் பயந்து பூக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள்.

நான் மைசூரில் படித்த கல்லூரியில் அப்போதுதான் முதன்முதலாகக் கால்பந்து அணி சேர்த்தார்கள். அணியில் இருந்தால் ஹாஸ்டல் இலவசம். தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து வந்த எனக்கும் அருளுக்கும் அது இல்லையென்றால் படிப்பே இல்லை. அருள் என் தெருக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே வருகிறவன். விளையாட்டு ஆசிரியரான பி.டி. சார் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். எங்களை வரிசையில் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒள்ளே உயரம் இருக்கே. கோல்கீப்பர்."

அதுவரை நான் ஆடியது வாலிபால் மட்டும். தலையாட்டிவிட்டேன். அந்த ஹாஸ்டல் கட்டிலுக்காக யானையை அடக்கச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் தொடையிலும் கெண்டைக்காலிலும் தைலம் தேய்த்துக்கொள்வோம். மேல்கோட்டைப் பையன் ஒருவன் அதோடு நாமத்தையும் புதிதாகத் தீட்டிக்கொண்டு இறங்குவான். முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினோம். இரண்டாவதில் ஐந்து. பெருமாளுக்கு அந்த வருஷம் வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் பந்து என் மூக்கில் வந்து அடித்தது. இந்தக் காலத்துப் பந்து இல்லை, தோல் பந்து. மழையில் ஊறினால் கல்லாகிவிடும். ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது, பயம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பந்து வேகமாக வந்தால் கை முன்னால் நீளும், கண் தானாக மூடிக்கொள்ளும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டில் போய்விடும். ஆட்ட நாள் காலையில் மூன்று தடவை கக்கூஸ் போவேன். இட்லி தொண்டையில் இறங்காது (மெஸ் இட்லி மற்ற நாட்களிலும் இறங்காது என்பது வேறு விஷயம்). கால் நடுங்குவது தெரியாமலிருக்கக் கம்பங்களுக்கு நடுவே குதித்துக்கொண்டே இருப்பேன். பையன் சுறுசுறுப்பு என்று பி.டி. சார் மெச்சினார்.

ஐந்து ஆட்டமும் தோற்ற பிறகு அவர் எங்களைக் கூப்பிட்டார். "இதுவும் தோத்தா பாதிப் பேர் ரூம் காலி மாடணும்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. யார் யாருன்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும். டிரா பண்ணுங்கப்பா, அது போதும்."

ஆறாவது ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் அருள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயமாடா?"

"இல்லடா."

"எனக்கு இருக்குது. ரூமு போயிருச்சுன்னா எங்கப்பன் திரும்ப அனுப்ப மாட்டாரு."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்களாலேயே நம்ப முடியவில்லை. அப்போது எதிரணியில் ஒரு தடித்த பையன் தூரத்திலிருந்தே உதைத்தான். பந்து நேராக என் நெஞ்சுக்குத்தான் வந்தது. நின்ற இடத்தில் நின்றிருந்தால் போதும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி விலகினேன். எனக்குப் பின்னால் ஓடிவந்த அருள் காலை நீட்டித் தடுக்கப் பார்த்தான். பந்து அவன் காலில் பட்டு உள்ளே போனது.

"நீயே தள்ளிட்டியாப்பா?" என்று பி.டி. சார் அருளிடம் கேட்டார்.

அருள் என்னைப் பார்த்தான். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என் கால்லதான் பட்டுச்சு சார்" என்றான்.

காலி செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அவ்வளவு உயரத்தில் இன்னொரு பையன் கிடைக்க மாட்டான் என்றார்களாம். அவன் டிரங்குப் பெட்டியை நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிப்போனேன். "நல்லா படிடா" என்றான். படித்தேன். வேலையும் மைசூரிலேயே கிடைத்தது, வீடும் கட்டினேன். அவன் ஊரில் மக்காச்சோளம் போட்டான்.

பல வருஷம் கழித்து மார்டள்ளி கோயில் திருவிழா விருந்தில் அருள்தான் பரிமாறினான். என் இலைக்கு முன் நின்று, கோபமே இல்லாமல் கேட்டான்.

"அன்னிக்குக் கண்ண மூடிட்டீல்ல?"

"போடா. வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு."

அன்று வெயில் ஏது? அது இரண்டு பேருக்கும் தெரியும். "இருக்கும்டா" என்று சொல்லி, இன்னொரு கறித்துண்டை என் இலையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஊருக்குப் போனால் அவன் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

அந்த அணி மறுவருஷமே கலைந்துவிட்டது, மிச்சமிருந்தவர்களுக்குக் கட்டிலை மட்டும் படிப்பு முடியும் வரை விட்டுவைத்தார்கள். நாங்கள் ஆடிய மைதானத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு, கீழே கார்கள் நிற்கின்றன. பி.டி. சார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருளும் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவன் மகன் என்னைக் காட்டி, "அப்பாவோட காலேஜ்ல ஃபுட்பால் ஆடினவரு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது கேட்டால் ஆமாம்டா என்று சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை.