நான் குடைந்த கோலெட்

என் நண்பரின் வலது கண் போனதற்கு நான்தான் காரணம். ஆறு ஆண்டுகள் அதை மறைத்தேன்.

எஸ்டேட் ரப்பர் ஆலையில் என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். ஈப்போவில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் பொழுதுபோக்குக்காக, இரும்பைச் செதுக்கும் சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார். அவர் இல்லாத ஒருநாள் நான் அதை ஓட்டப் போனேன். நான் கொண்டுபோன வெட்டுக்கத்தி, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குள் நுழையவில்லை. பொருந்தாததைத் தேய்த்துப் பொருத்துவது எங்கள் ஆலைப் பழக்கம். சிறு சாணைக்கல்லால் கோலெட்டின் துளையைப் பெரிதாக்கினேன். வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்துவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் தம் கத்தியை அதில் மாட்டி ஓட்டினார். பெரிதான துளையில் பிடி தளர்ந்து, கத்தி நழுவி உடைந்து, சில்லு கண்ணில் பாய்ந்தது.

"நாந்தான் சரியா முடுக்கல, அண்ணே. வயசாச்சு, கை போச்சு லா," என்றார் ஆஸ்பத்திரியில். நான் தலையாட்டினேன். அவர் இயந்திரத்தை விற்றுவிட்டார்.

சென்ற மாதம் அதே மாதிரி இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அதைத் தொடவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா, கண்ணு போனாலும் என் கைய நம்பியிருப்பேனே, அண்ணே," என்றார். பிறகு, "தே குடிச்சிட்டுப் போங்க," என்று உள்ளே போனார்.

தேநீரை அவர் மனைவிதான் கொண்டுவந்தார். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்படி நண்பர் சொன்னாராம்.