சாமி ரூமைக் கழுவியது

என் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து, "வீடு நல்லா மணக்குதே" என்று சொன்னால் எனக்கு முகம் செத்துப்போகும். பாராட்டத்தான் சொல்கிறார்கள், தெரியாமல் இல்லை. ஆனாலும் எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே தோன்றும். வந்தவர்களைக் கதிரையில் உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றிருக்கிறேன். அம்மாவுக்கு ஏன் இந்தக் கோணல் புத்தி என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்களிடம் நான் சொன்னதில்லை.

தமிழர் வீடுகளை அடித்து எரித்த எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் கண்டியில், பேராதனை வீதிக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவுக்கு மாநகர சபையில் கிளாக்கர் வேலை. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் சில வாரம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீடு எரியாமல் நின்றது. அப்பா தெருவிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே ரேடியோ இல்லை, தையல் மெஷின் இல்லை, அலுமாரிக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போய்த் தொலையட்டும். அம்மா நேரே சாமி ரூமுக்குப் போனாள். போனவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அப்பாவ உள்ள வரவிடாத" என்று என்னிடம் சொன்னாள்.

எழுதவே கை கூசுகிறது. சாமி ரூமைக் கக்கூசாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு ஆள் வேலை அல்ல, ஒரு நாள் வேலையும் அல்ல. தரையில், சாமி மேடையில், கீழே கவிழ்த்த படங்களின் மேல். திருடினால் பசி என்று சொல்லலாம், எரித்தால் வெறி என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்ல?

அம்மாவும் அக்காவும் நானும் கழுவினோம். படங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தோம். அப்பா ஒன்றும் கேட்காமல் மகாவலி ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று அம்மா எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, "செத்தாலும் இத வெளிய சொல்லக்கூடாது. ஊர் வாய மூட ஒலமூடி இருக்கா? நம்மளப் பார்க்கிறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வரும்" என்றாள். பக்கத்து வீட்டார் என்னென்ன போச்சு என்று கேட்டபோது ரேடியோவையும் தையல் மெஷினையும் சொன்னோம். செய்துவிட்டுப் போனவன்தானே வெட்கப்பட வேண்டும் என்று இப்போது வாய்கிழியப் பேசுவேன். அப்போது நாங்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தோம்.

அதன் பிறகு அந்த வீடு மணக்கத் தொடங்கியது. காலையில் பினாயில் ஊற்றித் தரை கழுவுவது. சுவருக்கு மறுபடி மறுபடி சுண்ணாம்பு. மஞ்சள் தண்ணீர் தெளிப்பது. மூலைக்கு மூலை தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, அறுத்து வைப்பது. முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் போட்ட சாம்பிராணி இப்போது இரண்டு வேளையும் புகைந்தது. "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று அப்பா இருமுவார். "புடிக்கலன்னா மூக்கப் பொத்திக்கிட்டுப் படுங்க" என்பாள் அம்மா. கண்டியில் மழைக்கா பஞ்சம்? மழை பிடித்தால் அம்மா சாமி ரூமில் முட்டிபோட்டுத் தரை வெடிப்பில் முகத்தை வைத்து மோந்து பார்ப்பாள். "வருதுடி" என்பாள். நானும் மோந்துவிட்டு ஓமென்று தலையாட்டுவேன். உண்மையில் நாற்றம் மிச்சம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் கெலிஓயாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பலசரக்குக் கடைக்காரர்கள். கலவரத்தில் கடை எரிந்து, தகரம் அடித்து மறுபடி திறந்திருந்தார்கள். அக்காவுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது, ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். எப்படி இருப்பார் என்று கேட்டேன். "மூக்கும் முழியுமாத்தான் இருக்காரு, போடி" என்று சொல்லிவிட்டு அன்றெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். இது அமைய வேண்டும் என்று கதிர்காமத்துக்கு நேர்ந்தும் வைத்திருந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா விடியற்காலையிலேயே வாளியைத் தூக்கிவிட்டாள். அவர்கள் வந்து, தேத்தண்ணி குடித்து, அக்காவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்து, "எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குங்க" என்றார். பிடித்துவிட்டால் கொண்டுவந்த பூ, பழத் தட்டைப் பெண் வீட்டுச் சாமிக்கு முன்னால் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்கனயே வைங்க, நான் கொண்டுபோய் வச்சிர்றேன்" என்று என் அம்மா குறுக்கே போனாள்.

"அது எப்படிங்க, நம்ம கையால வெக்கிறதுதானே மொறை" என்று அவர் உள்ளே போய்விட்டார். அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

சாமி ரூமில் நாற்றம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர், புதுப் படங்கள், எரிகிற சூடம். அவர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். சுவரைப் பார்த்தார். மூலையில் தேசிக்காய்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஹோலில் இருக்கிற ஆண்களுக்குக் கேட்காத குரலில், "இங்கயுமா?" என்றார்.

"என்னா இங்கயுமா?" என்றாள் அம்மா.

"மறைக்காதீங்க. எங்க வீடும் இப்படித்தான் மணக்குது. எங்களுக்குக் கெணத்துல பண்ணிட்டுப் போயிட்டானுங்க. எறச்சு எறச்சுப் பார்த்தோம், மனசு கேக்கல, மூடிட்டோம். இதுவரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லைங்க."

தட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு அவர் அம்மாவின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. அம்மா கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே அம்மா தட்டைச் சம்பந்தம் கொண்டுவந்த தரகரிடம் கொடுத்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் முதல்முறையாக அம்மாவிடம் கத்தினார். "உனக்கு என்னா பைத்தியமா? அந்தப் பொம்பளையும் கடை எரிஞ்சு நம்மள மாதிரி பட்டவதானே?"

"அதனாலதான்" என்றாள் அம்மா. "நாளைக்கு அவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவங்களப் பார்த்தா எனக்கு அதுதான் தெரியும். என்னையப் பார்த்தா அவங்களுக்கும் அதுதான் தெரியும். அப்படி ஒரு சம்பந்தம் வேணாங்க."

எனக்கு அந்த நிமிஷம் அம்மா சொன்னது சரியென்றே பட்டது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. மாப்பிள்ளைக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் பிற்பாடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மட்டும் குசினி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டாள்:

"அவனுங்க பண்ணுனத கழுவுனீங்க, சரி. என்னையும் ஏம்மா சேத்துக் கழுவி ஊத்துனீங்க?"