ஆளில்லாத மதராஸில் இரண்டு சாட்சிகள்

ஜப்பான்காரன் மதராஸ்மேல் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சித்திரை மாதம் அது. வில்லியனூர் ஸ்டேஷனில் நான் மதராஸுக்கு டிக்கெட் கேட்டதும், உள்ளே இருந்தவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் அங்கேர்ந்து ஓடி வர்றாங்க. நீ இன்னாத்துக்குப்பா அங்க போறே?" என்றார்.

போகாமல் என்ன செய்வது? என் அக்கா அங்கே நிறைமாதமாக இருந்தாள். அவள் வீட்டுக்காரரான மாமாவும் எங்கள் பக்கத்துக்காரர்தான். பட்டணத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றி அனுப்பும் இடத்தில் அவருக்கு மிஷின் வேலை. யார் போனாலும் தண்ணீர்க்காரர்கள் போகக் கூடாது என்று உத்தரவாகிவிட்டதாம். ஆகவே அக்காவை அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கரும்புத் தோட்டம், வில்லியனூர்த் தேர், எப்போதாவது புதுச்சேரிக் கடற்கரை. நான் கண்ட உலகம் அவ்வளவுதான்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டிலும் பட்டாளச் சட்டம்தான். "பிள்ளை நம்ம மண்ணுல பொறக்கணும். மேரியில பேர் ஏறணும்" என்றார். பிரெஞ்சு சர்க்காரின் ஊராட்சி அலுவலகத்தைத்தான் நாங்கள் மேரி என்போம். அந்தப் பதிவேட்டில் பேர் ஏறாத பிள்ளை, அப்பாவைப் பொறுத்தவரை பிறக்காத பிள்ளை. வண்டி ஏறும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒருவேளை அங்கேயே பொறந்துட்டா, மூணு நாளைக்குள்ள அங்க எழுதிக் காயிதம் வாங்கிக்கினு வா. காயிதம் இல்லாம இந்த வூட்டுல காலு வைக்காத."

எதிரே வந்த ரயில்களில் கூரைமேல்கூட ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பெட்டியில் நானும் ஒரு சாமியாரும்தான். அவரும் செங்கல்பட்டில் இறங்கிக்கொண்டார். எழும்பூரில் இறங்கினால் ஒரே ஜனக்கடல். ஆட்டுக்கல், தையல் மிஷின், கிளிக்கூண்டு என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தவன் நான் ஒருவன்தான்.

புரசைவாக்கத்தில் அக்கா இருந்த தெருவில் எல்லா வீட்டிலும் பூட்டு. அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. மறுநாள் காலையில் கிளம்பத் தயாரானோம். வயிற்றுப்பிள்ளைக்காரி வழிப்பயணம் போனால் வைத்திருக்க வேண்டும் என்று அம்மா கொடுத்தனுப்பிய வேப்பிலையையும் இரும்புச் சாவியையும் அக்கா முந்தானையில் முடிந்தாள். முடிந்த கையோடு வலி எடுத்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் மிச்சமிருந்த பால்காரர்தான் ஓடிப் போய் ஒரு மருத்துவச்சி அம்மாவைக் கூட்டி வந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஒரு தோல் பை, நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்து, "வெந்நி வெச்சிட்டு வெளிய போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உச்சிப்பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

அந்த அம்மா தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் அவரிடம்தான் கேட்டேன், சாட்சிக்கு இரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள் என்று. எங்கள் ஊர் மேரியில் பிறப்பை எழுத இரண்டு ஆண்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் என்பது என் எண்ணம். மாமாவோ ஓடிப்போனவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கே வராமல் கிடந்தார்.

"நான் வரேன். நான்தானே பிரசவம் பாத்தேன்?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, சாட்சிக்கு ஆம்பளைங்கதான் வேணும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையை மூடிக்கொண்டே, "அப்போ போய்த் தேடுப்பா. அந்தச் சாதி ஊர்ல கொஞ்சமாத்தான் மிச்சம் இருக்கு" என்றார்.

தேடினேன். தெருத்தெருவாகப் பூட்டுகள்தான். விட்டுவிட்டுப் போன நாய்கள் வாசலில் படுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தன, குரைக்கவில்லை. இப்படி அலைந்துகொண்டிருந்தபோது மணியடித்துக்கொண்டு ஒரு டிராம் வந்தது. அதில் கண்டக்டர் இருப்பார், அவர் ஆண்பிள்ளை என்று கணக்குப் போட்டு ஏறிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். அதுவரிக்கும் குந்திக்கினு வா" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. மூன்று நாளாக கூடவே இருந்த பயம் அந்தப் பேச்சைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கியது.

அப்படித்தான் நான் மதராஸைப் பார்த்தேன், ஏறக்குறைய தனியாக. சென்ட்ரல் ஸ்டேஷனின் மணிக்கூண்டைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். நூறு பேர் கைகோத்து நடக்கலாம் போன்ற சாலையில் ஒரே ஒரு போலீஸ்காரர், வராத வண்டிகளுக்குக் கை காட்டுவதற்காக நின்றுகொண்டிருந்தார். டிராம் திரும்பியதும் ஹைகோர்ட் வந்தது. செங்கல்லால் இப்படியெல்லாம் கட்ட முடியுமா? கூம்பும் குமிழுமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, உச்சியில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு வேறு. நான் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். வீட்டில் அக்கா பச்சை உடம்பாகக் கிடப்பது, மூன்றாம் நாள் கெடு, அப்பாவின் உத்தரவு எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோனது உண்மை.

அங்கே டிராம் சற்று நேரம் நின்றது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். கோட்டை மதில் தெரிந்தது. மணல் மூட்டை அடுக்கி, சிப்பாய்கள் காவல் நின்றார்கள். ஒரு காலத்தில் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரன் பிடித்து வைத்திருந்தான் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். இதைப் பிடித்தவன் எப்படித்தான் திருப்பிக் கொடுக்க மனம் வந்து கொடுத்தானோ என்று தோன்றியது. இத்தனை காலமாக எத்தனை பேர் வந்து, ஆண்டு, போயிருப்பார்கள். இப்போது ஜனங்களே போய்விட்டார்கள், ஊர் மட்டும் வெயிலில் அப்படியே நிற்கிறது. நாளைக்குக் குண்டு விழுந்து இதெல்லாம் இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தபோது, யாரோ சொந்தக்காரருக்கு ஆபத்து என்பதுபோல் பதறினேன். மூன்று நாள் பழக்கத்தில் ஓர் ஊரின்மேல் ஆசை வைப்பது பைத்தியக்காரத்தனம்தான். வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் ஒரு கைரிக்‌ஷாக்காரர். கண்டக்டருடன் திரும்பி வரும்போது மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நீ ஊருக்குப் போலியா?" என்று கண்டக்டர் கேட்டார். "போறவங்கள எல்லாம் இஸ்டேசன்ல கொண்டாந்து வுட்டேன். எனக்கு எந்த ஊருங்க இருக்கு?" என்றார் அவர். கையெழுத்துத் தெரியாது, கைநாட்டுத்தான் என்றார். பரவாயில்லை என்று அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று பேருமாகக் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி நாலு. ஆறு நாற்காலிகளில் ஐந்து காலி. இருந்த ஒரே குமாஸ்தா எங்களைப் பார்த்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார். பிறப்பு என்றதும் முகம் மலர்ந்து பெரிய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். தகப்பன் பேர், தாய் பேர், தெரு எல்லாம் எழுதினார். நான் என் சாட்சிகளை முன்னால் தள்ளினேன்.

"இவங்க எதுக்கு?"

"சாட்சிங்க."

"இங்க சாட்சி கேக்கற வழக்கமில்லையே. பிரசவம் பாத்தது யாரு? அந்தப் பேரைச் சொல்லு, போதும்."

மூன்று நாள் வீட்டுக்கு வந்து போனவர். அக்காவின் உயிரையும் குழந்தையின் உயிரையும் கையில் வாங்கிக் கொடுத்தவர். அம்மா, அம்மா என்று கூப்பிட்டேனே தவிர, பேரென்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. நான் வரேன் என்றவரை வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தேன். ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை, அந்த அம்மா எங்கே குடியிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அவமானத்தில் தலை நிமிரவே முடியவில்லை.

"வெள்ளப் பொடவை, தோல் பையி, காலக் கொஞ்சம் சாச்சி நடப்பாங்களே, அவங்களா?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டார். தலையாட்டினேன். அவர் அந்த அம்மாவின் பேரைச் சொன்னார். அந்த அம்மாவின் தகப்பனார் பேரையும் கண்டக்டர் சேர்த்துச் சொன்னார்.

"என் ரெண்டு பிள்ளைங்களும் அவங்க எடுத்ததுதான்" என்றார் ரிக்‌ஷாக்காரர். "போன வாரம் அவங்கள இஸ்டேசனுக்கு இட்டுனு போவ வண்டியோட போயி நின்னேன். காசு வேணாம், ஏறுங்கன்னேன். இந்தப் பேட்டையில நாலு பேரு நெறமாசமா இருக்காங்க, அவங்களுக்கு ஆவட்டும்னு திருப்பி அனுப்சிட்டாங்க."

அந்த நாலு பேரில் ஒருத்தி என் அக்கா. அந்த ஆபீஸில் நின்றுகொண்டு நான் அழுதேன். குமாஸ்தா பார்க்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாம்தான், ஆனா வந்துட்டீங்க" என்று காகிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, ஒருவரைக் கையெழுத்தும் ஒருவரைக் கைநாட்டும் வைக்கச் சொன்னார்.

மறுநாள் குளிப்பாட்ட வந்தபோது, "கெடச்சாங்களா உன் ஆம்பளைங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. கிடைத்தார்கள், ஆனால் அவர் பேரைத்தான் எழுதினார்கள் என்று சொன்னேன். அவர் குழந்தையின் காதில் தண்ணீர் போகாமல் கையால் மூடிக்கொண்டே, "தப்பில்லாம எழுதினாரா?" என்று மட்டும் கேட்டார்.

குண்டு விழவில்லை. ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மாதம் திரும்பியதும் அக்காவையும் குழந்தையையும் ஊருக்கு அழைத்து வந்தேன். அப்பா காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பிரசவம் பார்த்தவர் பேருக்கு நேரே விரலை வைத்து யார் இது என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். "அந்தப் பேரும் மேரியில ஏறணும்" என்று எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மாவின் குடும்பத்தைக் கேட்காமல் அந்தப் பேரை இங்கே அச்சில் போட எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தப் பட்டணத்துக்குப் போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஹைகோர்ட்டின் எதிரே நின்று வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் ஓர் ஊரில் காலை வைத்தால் முதலில் மனிதர்களிடம் பேரைக் கேட்க வேண்டும் என்பதை, அந்த ஊரில் மனிதர்களே இல்லாத நாளில்தான் நான் கற்றுக்கொண்டேன்.