தட்டை நீட்டிய கம்ப்யூட்டர்

என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன், மீன்சுருட்டி ஊர்க்காரர். பெண்ணின் தாய்மாமனுக்கு மேடையில் மாப்பிள்ளை வீட்டார் போடவேண்டிய மாலை தன் கழுத்தில் விழவே இல்லை என்பது அவர் வழக்கு. விழுந்தது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்பது அம்மாவின் வாதம். அம்மா அன்று பார்த்ததெல்லாம் பந்தியையும் பாத்திரத்தையும்தான். அதைச் சொன்னால் எனக்கும் சோறு கிடைக்காது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்யாண சிடி வந்து சேர்ந்ததும் அம்மா மீன்சுருட்டிக்கு ஆள் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரில் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று. மாமா சம்மதித்தார். படம் மட்டும்தான் பார்ப்பேன், பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன் என்று பதில் வந்தது. அண்ணன் வாசல்படி ஏறுவதே போதும் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரியலூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். பெரம்பலூரில் கடை வைத்திருந்த ஒருவர் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுத்தது. அதுவரை கேட்ட படத்தையெல்லாம் ஒழுங்காகக் காட்டிய அந்தப் பெட்டிக்குக் கல்யாண சிடியைப் போட்டதும் புத்தி பேதலித்துவிட்டது. மேளக்காரர்கள் வரும்வரை ஏதோ ஓடும். மேடை வந்தால் போச்சு, முகமெல்லாம் சதுரம் சதுரமாகச் சிதறும். தங்கையின் மூக்கு மாப்பிள்ளையின் காதில் போய் ஒட்டிக்கொள்ளும். நாதஸ்வரத்துக்கு விக்கல் எடுக்கும்.

பெரம்பலூர்க்காரருக்குப் போன் செய்தேன். கோடெக் இல்லாத கோளாறு என்றார். கோடெக் என்றால் என்ன என்று கேட்டதற்கு, அது இருந்தால் படம் நன்றாகத் தெரியும் என்றார். போட்டேன், தெரியவில்லை. பிளேயரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். டிரைவரை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினேன். படத்தை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து ஓட்டச் சொன்னார். பாதியில் காப்பி சண்டி மாடு போல நின்றுவிட்டது. கடைசியில் சிடியோடு பஸ் ஏறிப் பெரம்பலூருக்கே போனேன். அவர் கடையில் முதல் காட்சி பளிச்சென்று ஓடியது. மேடை வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

“சிடி நல்லாத்தான் சார் இருக்கு. உங்க ஊரு சிமெண்ட் தூசிதான் உள்ள போயிருக்கும்” என்றார்.

அரியலூரில் எது கெட்டாலும் சிமெண்ட் தலையில் கட்டுவது பெரம்பலூர்க்காரர்களுக்கு வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த வேகத்தில் சிடி டிரைவைக் கழற்றித் திறந்தேன். தூசி இருக்கத்தான் இருந்தது. லென்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மோந்து பார்த்தால் கோயில் வாசனை. விபூதி. பக்கத்தில் காய்ந்துபோன ஓர் அரளி இதழும், மூலையில் ஓர் எட்டணாவும் கிடந்தன.

அம்மா எதையும் மறைக்கவில்லை. சிடி வந்த அன்று, அண்ணன் மனசு இளகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கப் போயிருக்கிறாள். கை எங்கேயோ பட்டிருக்கிறது.

“அது தானா தட்ட நீட்டுச்சுடா. நீட்டுன தட்டுல ஒண்ணும் போடாம எப்புடி வர்றது? பூவும் விபூதியும் வெச்சுக் காசு போட்டேன். வாங்கிக்கிட்டு உள்ள போயிடுச்சு.”

சாமியே ஏற்றுக்கொண்டதாக இத்தனை நாளும் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.  மூக்குக்கண்ணாடித் துணியால் லென்ஸைத் துடைத்துப் பூட்டி, சிடியைப் போட்டேன். ஒரு சதுரம் இல்லை. அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தாய்மாமன் மேடைக்கு வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மாமா வந்து பவ்யமாகக் குனிந்து கழுத்தை நீட்டினார். இலை போடலாமா என்று கேட்க அதே நேரம் சமையல் மாஸ்டரும் மேடை ஏறினார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளையின் அண்ணனுக்கு மாமாவின் முகம் தெரியாது; மாலையைக் கொண்டுபோய் மாஸ்டர் கழுத்தில் போட்டார். மாஸ்டர் திகைத்துப்போய்க் கும்பிட்டார். மாமாவின் கழுத்து குனிந்தபடியே இருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார். சிரிக்கவேண்டிய காட்சிதான். நான் படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

அம்மா எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் விபூதி டப்பா இருந்தது.

“அந்தத் தட்ட இன்னொரு தடவ நீட்டச் சொல்லு” என்றாள்.

நான் பட்டனை அமுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் வந்தார்கள், மேடை வந்தது, எல்லாம் சதுரமானது. பச்சையும் சிவப்புமாக நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சதுரத்தை அம்மா விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இந்தா பாருண்ணே, மால. உன் கழுத்துலதான் விழுந்துருக்கு.”

மாமா அந்தச் சதுரத்தைப் பார்க்கவில்லை. அதைவிட அதிகமாக நடுங்கிய அம்மாவின் விரலைப் பார்த்தார்.

“ஆமா பாப்பா. விழுந்துதான் இருக்கு. நான்தான் கவனிக்கல” என்றார்.

சிடியை எடுக்கப் பட்டனை அமுக்கினேன். ஓரமெல்லாம் விபூதியோடு தட்டு வெளியே வந்து மாமாவுக்கு நேரே நின்றது.   மாமா விபூதியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, இலை போடச் சொல்லிக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.